குரல் ஏன் பின்தங்கியது?

சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பிச்சாவரம். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே உப்பங்கழிகள் கிளை கிளையாகப் பிரிந்தோட, அவற்றின் கரைகளில் சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்து நிற்கும் அலையாத்திக் காடு அது. சில கால்வாய்களுக்குள் படகு நுழைந்துவிட்டால் இரு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேலே கூடிக் கூரையாகிவிடும். காற்று அடங்கும். துடுப்பின் ஓசை மட்டும் கேட்கும். ஒலிப்பதிவு செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்துத்தான் நாங்கள் அங்கே போனோம்.

நாங்கள் என்றால், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியனாகிய நானும், பள்ளி அறிவியல் மன்றத்து மாணவ மாணவியர் எட்டுப் பேரும். காட்டைப் பற்றிச் சிறு படம் ஒன்று எடுத்துக் கண்காட்சியில் காட்டுவது திட்டம். இரண்டு படகுகளில் கிளம்பினோம். முன்படகில் துடுப்புப் போடும் பெரியவர். அவர் காலடியில் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி. பின்படகில் செல்பேசியால் படம் பிடிக்கும் மாணவன். துடுப்புப் போடுகிறவர் படகின் பின்புறம் பார்த்துத்தானே உட்காருவார்? ஆகவே பெரியவரின் முகம் படத்தில் நன்றாகவே விழுந்தது. கால்வாய்க்குள் நுழைந்ததும், நாங்கள் கேட்காமலே அவர் பாடத் தொடங்கினார். தம் தாயிடம் கேட்டுக் கற்ற பாட்டு என்றார். ஒன்று முடிய மற்றொன்றாக, நாற்பது நிமிடம் பாடினார். இரண்டு கருவிகளும் நிற்காமல் ஓடின.

வீட்டுக்கு வந்து, செல்பேசியின் படத்தோடு ஒலிப்பதிவுக் கருவியின் ஒலியைக் கணிப்பொறியில் பொருத்திப் பார்த்தோம். முதல் பாட்டு அச்சில் வார்த்தாற்போல் இருந்தது. நடுவில் ஏதோ உறுத்தியது. கடைசிப் பாட்டில் துடுப்பு படகின் விளிம்பில் இடித்த பிறகு, சற்றுப் பொறுத்து, 'டக்' என்ற ஓசை வந்தது. பெரியவரின் வாய் மூடிய பின்னும் குரல் ஒரு கணம் நீடித்தது. தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் தூங்கி விழுந்தாற்போல!

மீண்டும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் பெரியவர் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அவருடைய மகள் எங்களைத் தேடி வந்தார். "அப்பா பாடினதை நீங்க எடுத்து வச்சிருக்கீங்களாமே, சார். எங்களுக்கு ஒண்ணு போட்டுத் தாங்க" என்றார். அவர் பாட்டு வேறு எங்கும் பதிவாகியிருக்கவில்லை. இப்போது அந்த நாற்பது நிமிடத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும். குரல் ஏன் பின்தங்கியது?

கண்ணும் காதும்

படத்துக்கும் ஒலிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு வந்தால் நமக்குத் தெரியும்? தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதை ஆராய்ந்து எண்களை வகுத்திருக்கிறது. ஒலி படத்தை முந்தினால் 45 மில்லி வினாடியிலேயே, அதாவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் 45 பங்கிலேயே, கண்டுபிடித்துவிடுகிறோம். ஒலி பிந்தினாலோ ஏறத்தாழ 125 மில்லி வினாடி வரை நமக்குத் தெரிவதில்லை. பிந்துவது 185 மில்லி வினாடியைத் தாண்டினால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

முந்தலுக்கும் பிந்தலுக்கும் ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தியே வருகிறது. தூரத்தில் வண்ணான் துணியைக் கல்லில் அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரியும். ஓசை பிறகு வரும். ஓசை முதலிலும் அடி பிறகும் வருவதை எவரும் கண்டதில்லை. நம் மூளை அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தது.

இந்தத் தொல்லை கணிப்பொறியோடு பிறந்ததும் அன்று. தமிழ்த் திரையுலகம் இதனோடு நீண்ட காலம் மல்லுக்கட்டியிருக்கிறது. தொடக்கத்தில் நடிகர்களே காமிராவின் முன்னால் பாட, ஒலி அங்கேயே பதிவானது. ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' (1938) தமிழில் பின்னணிப் பாடலுக்கு வழி திறந்தது என்பர். அவரே எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் (1945) இன்னும் துணிச்சலான காரியம் நடந்தது. கதாநாயகி குமாரி ருக்மிணி பாடி நடித்துப் படம் முடிந்த பிறகு, அவர் பாட்டுகளை எடுத்துவிட்டு, பி.ஏ. பெரியநாயகியின் குரலை அதே உதட்டசைவுக்குப் பொருத்தினார்கள். திரையில் தெரியும் உதட்டைப் பார்த்து, அதன் வேகத்துக்கு வேறொருவர் பாடுவது எத்தகைய உழைப்பு என்பதைப் பாடிப் பார்த்தவர்களே அறிவர்.

பிறகு பாட்டை முன்னதாகவே பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்பிடத்தில் அதை ஒலிபெருக்கியில் போட்டு, நடிகர் வாயசைப்பது வழக்கமாயிற்று. பிச்சாவரமே திரைப்படத்துக்குப் பழகிய இடந்தான், எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' (1975) இங்கே படமாக்கப்பட்டது. பொதுவாக இப்படிப்பட்ட நீர்ப்பரப்பில் ஒரு பாட்டுக் காட்சி எடுப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒலிபெருக்கி கரையில், நடிகர் நூறு மீட்டர் தள்ளிப் படகில். நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். நூறு மீட்டரைக் கடக்க அதற்கு 0.29 வினாடி வேண்டும். சினிமாப் படச்சுருளில் வினாடிக்கு 24 படங்கள். ஆக, நடிகர் வாயசைப்பு பாட்டுக்கு ஏழு படம் பின்தங்கியிருக்கும்! படத்தொகுப்பாளர் ஒலியை ஏழு படம் தள்ளி ஒட்டினால் காட்சி முழுவதும் சரியாகிவிடும். படகு நகராமல் நின்றால் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நம் கதைக்கு முதல் துப்புக் கிடைக்கிறது. எங்கள் இரண்டு படகுகளுக்கும் இடையே ஏறத்தாழ இருபது மீட்டர் இருந்தது. செல்பேசியும் தன் பங்குக்கு ஒலியைப் பதிவு செய்திருந்தது. அது தண்ணீர்ச் சலசலப்பும் மாணவர் பேச்சும் கலந்து கேட்கத் தகாததாக இருந்தாலும், துடுப்பு இடிக்கும் ஓசை அதில் தெளிவாகத் தெரிந்தது. மாணவர்கள் அந்த ஓசையை அடையாளமாக வைத்து, ஒலிப்பதிவுக் கருவியின் ஒலியை அதனோடு நேராக்கியிருந்தார்கள். ஆனால் செல்பேசிக்கு அந்த ஓசையே இருபது மீட்டர் காற்றைக் கடந்து, 60 மில்லி வினாடி தாமதமாகத்தானே வந்து சேர்ந்தது? அப்படியானால் தொடக்கத்திலேயே 60 மில்லி வினாடிப் பிழை புகுந்துவிட்டது. 125-க்குக் குறைவாகையால் எங்கள் கண்ணுக்கும் காதுக்கும் அகப்படவில்லை. 'அச்சில் வார்த்தாற்போல்' என்று நான் மெச்சிய முதல் பாட்டே உண்மையில் பிசகித்தான் இருந்தது.

ஆயினும் இது மாறாத பிழை. நாற்பது நிமிடமும் 60 மில்லி வினாடியாகவே இருந்திருக்கும். இறுதியில் தெரிந்த கோளாறுக்கு வேறு காரணமும் இருக்க வேண்டும். அது வளர்ந்துகொண்டே போகிறதே!

இரண்டு கடிகாரங்கள்

கணிப்பொறி ஒலியை எப்படிப் பதிவு செய்கிறது? ஒலிவாங்கியில் எழும் மின்னலையை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அளவுகளை எண்களாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் அளவையும் மாதிரி என்போம். குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகள். படத்தோடு சேரும் ஒலியில் பெரும்பாலும் 48,000. மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்பதில்லை. மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் அலையை முழுமையாக மீட்கலாம் என்பதை 1949-ல் கிளாடு ஷானன் நிறுவிக் காட்டினார். ஆகையால் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே ஏதேனும் ஓர் எண் போதும்.

அப்படியிருக்க 44,100 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எண்முறை ஒலியின் தொடக்க நாட்களில் அத்தனை எண்களையும் கொள்ளும் நாடா வீடியோ நாடா ஒன்றுதான். திரையின் ஒரு கோட்டில் 3 மாதிரிகள், பயன்படும் கோடுகள் 245, வினாடிக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள்: 44,100. வினாடிக்கு 50 புலங்கள் உள்ள நாடுகளில் 294 கோடுகளைப் பயன்படுத்தினால் அதே 44,100 வந்துவிடும். 48,000-த்தின் சிறப்போ வேறு. அதை 24, 25, 30 எதனால் வகுத்தாலும் மீதியின்றிப் போகும். ஒரு படத்துக்கு இத்தனை மாதிரி என்று முழு எண்ணாகச் சொல்லலாம். 44,100-ஐ 24-ஆல் வகுத்தால் அரை மாதிரி இடிக்கும். ஆகையால் படத்துக்கான வேலை என்றால், மென்பொருளில் பணியின் மாதிரி வீதத்தைத் தொடங்கும்போதே 48,000 என்று வைத்துவிடுவது நல்லது. 48,000-த்தில் எடுத்த ஒலியை 44,100 என்று தவறாக எண்ணி ஓட்டினால், நாற்பது நிமிடப் பாட்டு நாற்பத்து மூன்றரை நிமிடமாக இழுக்கும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கிவிடும். இந்தத் தவறு உடனே காதில் விழும் என்பதால் அவ்வளவு ஆபத்தில்லை.

ஆபத்து நுட்பமான தவறில் இருக்கிறது. 'வினாடிக்கு 48,000' என்றால் எந்த வினாடி? ஒவ்வொரு கருவியும் தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை எண்ணி அந்த வினாடியைத் தானே தீர்மானிக்கிறது. நம் கைக்கடிகாரத்தில் இருப்பதும் இத்தகைய படிகந்தான். அது வினாடிக்கு 32,768 முறை துடிக்கிறது. நல்ல கைக்கடிகாரமும் மாதத்துக்குப் பதினைந்து வினாடி முன்னோ பின்னோ போவதை அறிவோம். வெட்டியதில் இருக்கும் சிறு வேறுபாடு, வெப்பநிலை, முதுமை ஆகியவற்றால் எந்த இரண்டு படிகங்களும் ஒன்றுபோல் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு வேறுபடுவது சாதாரணம்.

எங்கள் கணக்குக்கு வருவோம். தொடக்கத்தில் ஓர் இடி, இறுதியில் ஓர் இடி. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை இரண்டு பதிவுகளிலும் அளந்தோம். செல்பேசியின் கணக்கில் 2,400 வினாடி. ஒலிப்பதிவுக் கருவியின் கணக்கில் 2,400.12 வினாடி. நாற்பது நிமிடத்தில் 120 மில்லி வினாடி! பத்து லட்சத்துக்கு 50 பங்கு. எந்தக் கருவியும் பழுதில்லை. செல்பேசியின் வினாடியைவிட மற்றதன் வினாடி அணுவளவு குறுகியது, அவ்வளவுதான். அதனால் அது அதிக மாதிரிகளை எடுத்துவிட்டது, நாம் திரும்ப ஓட்டும்போது ஒலி நீண்டுவிட்டது. தொடக்கத்துப் பிழை 60, வளர்ந்த பிழை 120. கடைசிப் பாட்டில் மொத்தம் 180. பொறுமையின் எல்லையான 185-க்கு அருகே வந்துவிட்டோம். குரல் பின்தங்கிய காரணம் இதுவே.

இதைத் தெரிந்துகொள்ளும் முன் மாணவர்கள் செய்த வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். இறுதியில் ஒலி பிந்துகிறது என்று கண்டு, முழு ஒலியையும் 180 மில்லி வினாடி முன்னே தள்ளினார்கள். கடைசிப் பாட்டு சரியாயிற்று. முதல் பாட்டில் ஒலி 120 மில்லி வினாடி முந்திக்கொண்டது! பிந்துவதை மன்னிக்கும் காது முந்துவதை மன்னிக்காது என்று முன்பே பார்த்தோம். முன்னைவிட மோசமாகிவிட்டது. மாறாத பிழைக்கு மருந்து நகர்த்துதல். வளரும் பிழைக்கு மருந்து நீளத்தை மாற்றுதல். ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் இடம் மாறும், தீராது.

திரைப்படக்காரர்கள் இந்த வளரும் பிழையைக் குவார்ட்ஸ் வருவதற்கு முன்பே சந்தித்தவர்கள். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெபான் குடெல்ஸ்கி 1951-ல் உருவாக்கிய 'நாக்ரா' என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் அதன் பின்வந்த வகைகளும் உலகெங்கும் வெளிப்புறப் படப்பிடிப்புகளில் கோலோச்சின. ஆனால் ஒலிநாடாவுக்குத் துளைகள் இல்லை. அது வழுக்கும், நீளும். ஆகவே காமிராவின் மோட்டார் எழுப்பும் சீரான மின்துடிப்பு ஒன்றை, பாட்டோடு சேர்த்து, காதுக்குக் கேட்காதவாறு அதே நாடாவில் பதிவு செய்தார்கள். பின்னர் நாடாவை ஓட்டும்போது அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கை சரியாக வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார்கள். நாடா எவ்வளவு நீண்டாலும் கணக்குத் தப்பாது. என்னைக் கேட்டால், இன்றைய எந்த மென்பொருளையும்விட அழகான ஏற்பாடு அது.

எங்களிடம் அத்தகைய துடிப்பு இல்லை. ஆனால் பெரியவரின் துடுப்பு இருந்தது! நாற்பது நிமிடமும் விட்டுவிட்டு விளிம்பில் இடித்த ஓசை, நாங்கள் கேளாமலே போட்டுத்தந்த காலக்குறி. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மாற்றும் வசதி உண்டு. அதில் தற்போதைய நீளம், வேண்டிய நீளம் இரண்டையும் கொடுத்து, ஒலியை 0.005 சதவீதம் சுருக்கினோம். இதனால் சுருதி உயருமே என்று ஒரு மாணவி கேட்டாள். உயரும், ஒரு சுரத்தானத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. எந்த வித்துவானின் செவிக்கும் அது எட்டாது. பிறகு முழுவதையும் 60 மில்லி வினாடி முன்னே நகர்த்தினோம். இம்முறை செல்பேசியின் ஒலியைப் பாராமல், படத்தில் துடுப்பு விளிம்பைத் தொடும் காட்சியையே குறியாகக் கொண்டோம். நடுவே உள்ள இடிகளைச் சோதித்தோம். எல்லாம் பொருந்தின.

தேங்கி வரும் ஒலி

வேலை இதோடு முடியவில்லை. பாட்டுகளுக்கு இடையே காட்டைப் பற்றிய விளக்க உரையைச் சேர்க்க வேண்டும். கேள்வி கேட்ட அதே மாணவிதான் பேசுவதாக ஏற்பாடு. காதில் செவிபேசியை மாட்டிப் பெரியவரின் பாட்டைக் கேட்டுக்கொண்டே, பாட்டு ஓயும் இடங்களில் அவள் பேசவேண்டும். நன்றாகப் பேசுகிற பெண், இங்கே திக்கித் திணறினாள். 'என் குரலே எனக்கு லேட்டா கேக்குது சார்' என்றாள்.

காரணம் எளியது. ஒலி கணிப்பொறிக்குள் மாதிரி மாதிரியாக ஓடுவதில்லை. தேங்கித் தேங்கியே ஓடுகிறது. கணிப்பொறிக்கு நூறு வேலை. ஒவ்வொரு மாதிரிக்கும் ஓடிவர அதனால் முடியாது. ஆகவே சில நூறு மாதிரிகளைச் சேர்த்து வைக்க ஒரு தேக்கம் அமைத்திருக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து வாசகர்களுக்கு வீராணம் ஏரியைச் சொன்னால் போதும். கொள்ளிடத்து நீர் வந்தாலும் வராவிட்டாலும் ஏரி நிரம்பியிருக்கும்வரை வாய்க்காலில் நீர் சீராக ஓடும். ஏரி பெரிதானால் பாதுகாப்பு அதிகம்; ஆனால் உள்ளே வந்த துளி வெளியேறக் காத்திருக்கும் நேரமும் அதிகம். தேக்கம் 256 மாதிரி என்றால், 48,000 வீதத்தில், தாமதம் ஐந்து மில்லி வினாடிக்குச் சற்று மேல். 1,024 என்றால் 21. இவை உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது ஒன்று. இடையில் இயக்க மென்பொருள் தன் பங்குக்கும் தேக்கி வைக்கும். தேக்கத்தை மிகச் சிறிதாக்கினால் ஏரி வற்றி, ஒலியில் 'படபட' என்ற வெட்டு விழும். வெட்டு விழாத மட்டும் குறைத்துக்கொள்வதே முறை.

மாணவி திக்கியதற்கும் அறிவியல் காரணம் உண்டு. தன் குரலையே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி பிந்திக் கேட்கிறவர் தடுமாறிப் பேசத் தொடங்குவார் என்பதை 1950-ல் பெர்னார்டு லீ எடுத்துக்காட்டினார். மென்பொருளில் 'உள்வரும் குரலை உடனுக்குடன் ஒலிக்கச் செய்' என்ற அமைப்பு யாராலோ இயக்கப்பட்டிருந்தது. அதை நிறுத்தினோம், திக்கல் நின்றது. 'பதிவு செய்கையில் மற்றப் பதிவுகளையும் ஒலிக்கச் செய்' என்ற அமைப்போ இயங்கியாக வேண்டும். அல்லது பாட்டே காதில் விழாது. இரண்டு அமைப்புகளும் அடுத்தடுத்து இருப்பதால் மாணவர்கள் ஒன்றுக்கு மற்றதை மாற்றிவிடுகிறார்கள். முன்னது உங்கள் குரலை உங்களுக்கே திருப்பி அனுப்புவது. பின்னது பழைய பதிவை உங்களுக்குக் கேட்கச் செய்வது. கம்பியில்லாச் செவிபேசிகளை இந்த வேலைக்கு அண்டவிடக் கூடாது. ஒலியைச் சுருக்கி, வானொலி அலையில் அனுப்பி, விரித்துத் தருவதில் நூறு, இருநூறு மில்லி வினாடியை அவை விழுங்கிவிடுகின்றன.

மற்றொன்று. மாணவி தன் காதில் கேட்ட இடத்தில் சரியாகத்தான் பேசினாள். பதிவைப் பார்த்தால் அவள் பேச்சு பாட்டின் மேல் ஏறி நின்றது. பாட்டு தேக்கத்தைத் தாண்டி அவள் காதுக்கு வரத் தாமதம். அவள் குரல் ஒலிவாங்கி வழியே மறுபடி தேக்கத்தைத் தாண்டிக் கணிப்பொறிக்குள் போகத் தாமதம். போகவர உண்டான இந்த மொத்தத் தாமதத்தை மென்பொருள் கழித்துக்கொண்டு, புதிய பதிவை அந்த அளவு முன்னே தள்ளி வைக்க வேண்டும். ஆடாசிட்டியின் மூன்றாம் வரிசைப் பதிப்புகளில் இந்தக் கழிவு −130 மில்லி வினாடி என்று முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். அது பொதுவாக வைத்த ஊகம். உங்கள் கணிப்பொறிக்கு உரிய எண்ணை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

அளப்பது விளையாட்டுப் போன்றது. மென்பொருளிலேயே தாளத்தட்டுகள் அடங்கிய பதிவு ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள். செவிபேசியை ஒலிவாங்கியின் மேல் கவிழ்த்து வையுங்கள். தட்டுகளை ஒலிக்கவிட்டு, அந்த ஒலியையே புதிதாகப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டு பதிவுகளையும் பெரிதாக்கிப் பார்த்தால், பழைய தட்டுக்கும் புதிய தட்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குப் பத்தாவது வினாடியில் விழுந்த தட்டு 10.047-ல் பதிவாகியிருந்தது. அதாவது 130 கழித்தும் 47 மில்லி வினாடி பாக்கி. கழிவை −177 என்று மாற்றி மீண்டும் செய்தோம். தட்டின் மேல் தட்டு விழுந்தது. தேக்கத்தின் அளவையோ, செவிபேசியையோ, ஒலிவாங்கியையோ மாற்றினால் இந்த எண்ணும் மாறும். மறுபடி அளக்க வேண்டும்.

இது மாறாத தாமதம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் ஒரு கணிப்பொறிக்குள்ளேயே வளரும் பிழையும் புகலாம். கணிப்பொறியின் செவிபேசித் துளையில் பாட்டைக் கேட்டுக்கொண்டு, யூ.எஸ்.பி. துளையில் செருகிய தனி ஒலிவாங்கியில் பதிவு செய்தால், ஒலிப்பது ஒரு படிகத்தின் கணக்கில், பதிவது மற்றொரு படிகத்தின் கணக்கில்! பிச்சாவரத்தின் இரண்டு படகுகள் மேசைமேல் வந்து நிற்கின்றன. ஐந்து நிமிட உரைக்கு இதனால் கெடுதி இல்லை. ஒரு மணி நேரக் கச்சேரிக்கு உண்டு. ஒலித்தலுக்கும் பதிதலுக்கும் ஒரே கருவியைத் தெரிந்தெடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஒலிவாங்கியையும் செவிபேசியையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டால் படிகமும் ஒன்றாகிவிடும்.

தை மாதத்தில் படத்தைப் பெரியவரின் வீட்டுக்கு எடுத்துச் சென்று, விளக்க உரை சேர்ந்த பிரதி ஒன்றும், பாட்டு மட்டும் அடங்கிய பிரதி ஒன்றுமாகக் கொடுத்தோம். மகள் இரண்டாவதைத்தான் முதலில் போடச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரும் ஒத்திசைவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இப்போதெல்லாம் கழியில் பதிவுக்குப் போனால், படகு கரையை விட்டு நகரும் முன், காமிராவுக்கு எதிரே துடுப்பை விளிம்பில் மூன்று முறை தட்டச் சொல்கிறோம். திரும்பி வந்து கட்டும் முன் மறுபடி மூன்று முறை. படகோட்டிகளுக்கு இது பழகிவிட்டது. "தட்டட்டுமா சார்?" என்று அவர்களே கேட்கிறார்கள்.